கை விரித்தல்

முகமூடிக்குள்ளிருந்து ஊட்டே
தொப்பியின் விளிம்பை இரு விரலால் தொடுகிறாள்.
மைதானத்தில் எனக்கு மட்டும் விளங்கும்:
முதல் இரண்டு பேஸிலும் ஆள் நிற்கிறது, அவுட் ஒன்றுதான்,
உள்களத்தின் மேலே பந்து எழுந்தால் விதியை மறக்காதே.
நானும் தொடுகிறேன். மறக்கவில்லை.

டோர்ட்முண்ட், ஏப்ரல். டிராம் பணிமனையின் பின்புறம்.
காலையில் கொட்டிய ஆலங்கட்டி
வேலியோரம் இன்னும் கல்லுப்பாய்க் கிடக்கிறது.
ஊட்டே கிழமைநாட்களில் பொய்ப்பல் செய்கிறாள்.
நான் ஆஸ்பத்திரிச் சலவையில் விரிப்பு மடிக்கிறேன்.
ஞாயிறென்றால் இரண்டு பேருக்கும் ஒரே நீலச்சட்டை.
சாம்பசிவம் என்ற பெயரை
என் நெஞ்சில் ‘ஸாம்’ என்று வெட்டித் தைத்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரைக் என்றால் வலக்கை முஷ்டி.
பால் என்றால் கை கிடையாது, குரல் மட்டும்.
பால்! என்று ஊட்டே கூவும்போதெல்லாம்
ஊட்டு, பால் என்று எனக்குள் ஒரு பகிடி ஓடும்,
ஜெர்மனில் அதை யாருக்கும் சொல்ல முடியாது.
கோட்டுக்குள் விழுந்த நல்ல பந்துக்கோ குரலே கூடாது.
விரலால் உள்ளே சுட்டினால் போதும்; வாய் திறந்தால் பிழை.

முகம் மூடியவர் வாய் திறக்காமல் காட்டிக்கொடுப்பதை
நான் வேறு ஒரு வெயிலில் பார்த்தவள்.
சாக்குக்கு இரண்டு ஓட்டை, ஒரு தலையாட்டல்,
வரிசையிலிருந்து ஒருவரை விலக்கி ஏற்றினார்கள்.
ஊட்டேயின் முகமூடி கம்பிகளால் ஆனது,
உள்ளே அவள் சூயிங்கம் மெல்லுவது தெரியும்.
அது உதவியது.

ஃபவுலுக்கு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்க வேண்டும்.
அது ஒன்றைப் பழக எனக்கு மூன்று மாதம்.
தோளில் வலியா என்று கேட்டார் வகுப்பெடுத்த டெட்லெஃப்.
ஓம், தோள்தான் என்றேன்.

சேஃப் என்பது கையை விரிப்பது.
கையை விரிப்பது! எத்தனை மேசைகளுக்கு அப்பாலிருந்து
எத்தனை பேர் எனக்குக் கையை விரித்தார்கள்:
காகிதம் இல்லை, இடம் இல்லை,
அண்ணன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.
இங்கே அதற்கு, தப்பிவிட்டாய், நில் என்று பொருளாம்.
இந்தப் பாஷையை யார் செய்தது என்று
முதல்நாள் நடுக்களத்திலேயே சிரித்துவிட்டேன்.

இன்று ஏழாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், ஒரு ரன் வித்தியாசம்.
ஃப்ராவ்கே இரண்டாம் பேஸுக்குச் சறுக்கி வந்தாள்.
கையுறை அவள் தொடையைத் தொட்டது, கண்டேன்,
என் முஷ்டி மேலே போய்விட்டது.
எதிரணி குதித்தது. யாரோ யார் தலையிலோ தண்ணீர் ஊற்றினார்கள்.
பிறகுதான் அந்தப் பந்து
ஃப்ராவ்கேயின் முழங்காலுக்குக் கீழிருந்து
சோம்பலாய் உருண்டு வெளியே வந்தது.

எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.
மேலே போன கை
போனபடியே நிற்கும் என்றுதான் நான் அறிந்திருந்தேன்.
ஊட்டே முகமூடியைக் கழற்றினாள். ஒன்றும் காட்டவில்லை.
விரல்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன,
சின்னவிரல் கடைசி.
விரித்தேன்.
ஒருதரம் போதாதென்று இன்னொருதரம்,
தோள்மூட்டு சத்தம்போட.

கத்தினார்கள். கத்தட்டும்.
அடுத்தவள் மூன்றே பந்தில் ஸ்ட்ரைக் அவுட்.
எதுவும் மாறவில்லை, அதே ஸ்கோர், அதே தோல்வி.
பேஸைவிட்டுப் போகுமுன் ஃப்ராவ்கே
புழுதியைத் தட்டியபடி என்னை ஒருமுறை பார்த்தாள்,
நன்றியெல்லாம் சொல்லவில்லை.

வாகன நிறுத்தத்தில் ஊட்டே
மணிக்கட்டில் இரு விரலை வைத்துக் காட்டினாள்.
களத்தில் அதற்கு வேறு அர்த்தம், இப்போது டிராமுக்கு நேரம்.
ஓடி ஏறினேன்.
ஜன்னலுக்கு வெளியே அவள் மறுபடி
தொப்பியின் விளிம்பைத் தொட்டாள்.
பேஸில் ஆளில்லை, மேலே பந்தில்லை, மழை மட்டும்.
நானும் தொட்டேன்.